பழைய விலாசப் புத்தகங்களும் நம் குடும்ப வரலாறும்



நம் சங்கத்தைச் சார்ந்த இளைஞர் சிலர் தத்தம் குடும்ப வரலாற்றைத் தேடி எழுதப் புகுந்திருக்கின்றனர். சென்னையிலும் வேலூரிலும் கல்வி கற்று உத்தியோகத்தில் அமர்ந்த பிள்ளைகள், விடுமுறை நாளில் மலையேறி வந்து, பாட்டன் பூட்டன் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வதைக் காண்பது எமக்குப் பேருவகை தருகின்றது. ஆயினும், சின்னாட்களுக்கு முன் புதூர்நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்ததொன்று எம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றது. அதனை முதற்கண் கூறி, பின்னர் விஷயத்திற் புகுவாம்.

அவ்வீட்டு மூதாட்டியார், தம் மாமனார் திருப்பத்தூர்க் கடைத்தெருவில் புளியும் கடுக்காயும் வியாபாரம் செய்தவர் என்று எம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அருகிருந்த பேரனார் உடனே குறுக்கிட்டு, "ஆயா, நான் அந்தக் காலத்து டைரக்டரிகள் நாலைந்தை ஏடு ஏடாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். திருப்பத்தூர் வியாபாரிகள் வரிசையில் அவர் பெயர் இல்லை. நம்மவர் பெயர் ஒன்றுமே இல்லை. இனி இக்கதையைப் பிறரிடம் சொல்லாதே" என்றார். மூதாட்டியார் மறுமொழி கூறாது எழுந்து உள்ளே சென்றுவிட்டார். அச்சிட்ட புத்தகத்தோடு வழக்காட அவரால் இயலுமோ?

அவ்விளைஞரின் உழைப்பை யாம் குறை கூறுகின்றிலேம். நூல் நிலையத்திற்குச் சென்று பழந்தாள்களைப் புரட்டுவோர் நம்முள் எத்துணைப் பேர்? அவர் புத்தகத்தைச் செவ்வையாகவே படித்தார். ஆனால், அப்புத்தகம் யாருக்காக, யாரால், எப்பொழுது, எவ்வாறு தொகுக்கப்பட்டது என்று விசாரித்திலர். பத்திரமொன்றைச் சாட்சியாக ஏற்குமுன் எழுதியவன் யார், எழுதுவித்தவன் யார் என்று நியாயஸ்தலத்தில் கேளாது விடுவதில்லை. விலாசப் புத்தகத்தினிடத்தும் அக்கேள்விகளைக் கேட்டே தீரவேண்டும்.

டைரக்டரி என்று வழங்கும் இவ்விலாசப் புத்தகம் ஐரோப்பிய வர்த்தக நகரங்களிலிருந்து நம் தேயத்திற்கு வந்தது. லண்டன் மாநகரில் 1836ஆம் ஆண்டில் தபால் இலாகா டைரக்டரியை ஏற்று நடத்தத் தொடங்கிய கெல்லி என்பவர், கடிதம் கொண்டுசெல்லும் சேவகர்க்கு மேற்பார்வையாளராக இருந்தவர். அவர் அச்சேவகர்களைக் கொண்டே வீட்டு விவரங்களைத் திரட்டினார். நாள்தோறும் தெருவில் நடந்து கதவைத் தட்டுவோர் கொணர்ந்த செய்தியாதலின் அதற்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. ஆனால், கடிதமே வாராத வீடு கடிதச் சேவகன் கண்ணில் எங்ஙனம் படும்? பிறந்த இடத்திலேயே அப்புத்தகத்திற்கு இக்குறை இருந்தது என்க.

இந்நாட்டில், கல்கத்தாவின் தாக்கர் கம்பெனியார் வங்காள டைரக்டரி என்று 1863 முதல் வெளியிட்டு வந்தது, 1885 முதல் இந்தியா முழுவதற்கும் உரிய டைரக்டரியாக விரிந்து, 1960 வரையில் நடைபெற்றது. கொழும்பில் பெர்குஸன் குடும்பத்தார் இலங்கைக்கு ஒன்று வெளியிட்டனர். நம் சென்னை ராஜதானிக்கு வாய்த்தது 'அஸைலம் பிரஸ்' பஞ்சாங்கமும் டைரக்டரியும் ஆகும். அஸைலம் என்றது எழும்பூரில் இருந்த பட்டாளத்தார் வீட்டு அநாதைச் சிறுவர் விடுதியை. 1789இல் அவ்விடுதியை மேற்பார்க்க வந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் அம்முறையை இங்கிலாந்து வரையில் பரப்பினார் என்பது கல்வி வரலாறு கற்றோர் அறிந்தது. மணலெழுத்தை நம்மிடம் கற்றுப்போன அவ்விடத்தின் பெயரைத் தாங்கிய புத்தகத்திலேயே நம்மவர் பெயர் இல்லையென்று நாம் வருந்தும்படி ஆயிற்று! நிற்க.

இப்புத்தகங்கள் யாருக்காக அச்சாயின? கவர்ன்மெண்டு உத்தியோகஸ்தர், பட்டாளத்து அதிகாரிகள், பாதிரிமார், வக்கீல்கள், ஏற்றுமதி இறக்குமதி செய்யும் கம்பெனிகள், தோட்டத் துரைமார் முதலானோர் ஒருவர்க்கொருவர் கடிதம் எழுதவும், சரக்கு அனுப்பவும், யார் எந்தப் பதவியிலிருக்கிறார் என்று அறியவுமே அச்சாயின. விலை கொடுத்து வாங்குவோரும் அவர்களே. விளம்பரப் பணம் கொடுப்போரும் அவர்களே. எனவே ஜில்லாக் கலெக்டர் பெயரும், தாசில்தார் பெயரும், காட்டிலாகா அதிகாரி பெயரும் பதிவாதல் இயல்பு. ஜவ்வாது மலையில் சந்தன மரம் இருந்ததும், அம்மரம் திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கிற்கு இறங்கியதும், அங்கே ஏலம் போனதும் உலகறிந்தவை. ஏலத்தை நடத்திய இலாகாவின் பெயர் புத்தகத்தில் இருக்கும். மரத்தை வெட்டிச் சீவித் தோளிற் சுமந்திறக்கிய மலைக்குடியின் பெயர் அங்கே எதற்காக இருக்கும்? அவனுக்குக் கடிதம் எழுதுவார் யார்?

பட்டியலில் இல்லாமையை 'உலகில் இல்லாமை' என்று கொள்வது பெரும்பிழை என்பதற்கு நம் மலையின் பழங்கதை ஒன்றே போதுமான திருஷ்டாந்தமாகும். வட ஆர்க்காட்டு ஜில்லா மான்யுவல் என்னும் நூலைக் காக்ஸ் துரை 1881இல் தொகுத்தார். பின்னர் ஸ்டூவர்ட் துரை அதனைத் திருத்தி விரித்தார். அதில் ஜவ்வாது மலைக்குடிகள் தம் தோற்றம் பற்றிக் கூறிய கதை பதிவாகியுள்ளது. காஞ்சீபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் கன்னியர் எழுவரைக் கங்குந்தி வேடர்கள் கவர்ந்து சென்றனராம். அவர்களை மீட்க ஆடவர் எழுவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். "நாய்கள் மட்டும் திரும்பி வருமாயின், யாம் மாண்டோமென்று கொண்டு கருமாதி செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரிதிற் கடந்தனர். நாய்களோ நடுவாற்றினின்று மீண்டு காஞ்சிக்கு ஓடிவிட்டன. ஆடவர் சென்ற காரியத்தை முடித்து ஊர் திரும்பியபோது, அவர்களுக்குச் சாவுச் சடங்கு முடிந்திருந்தது. மனைவியர் கைம்மை பூண்டிருந்தனர். உயிரோடிருந்தும் ஊரார் கணக்கில் அவர்கள் இல்லாதவராயினர். பின்னர் அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து இம்மலையேறி உழவு செய்து வாழ்ந்தனர் என்பது கதை.

இக்கதையில் நாய்கள் பொய் சொல்லவில்லை. அவை திரும்பி வந்தது மெய். அதிலிருந்து ஊரார் துணிந்ததே பிழை. "நாய் மட்டும் வந்தது, ஆகவே ஆள் இல்லை" என்பதும், "டைரக்டரியில் பெயர் இல்லை, ஆகவே கடை இல்லை" என்பதும் ஒரே வகைத் துணிவு அல்லவோ? ஆற்றில் வெள்ளம் இருந்ததா என்று எவரும் விசாரித்திலர்.

இவ்விடத்தில் மற்றொன்றும் கூறுதல் கடமையாகும். மான்யுவலில் அச்சேறிவிட்டமையாலேயே அக்கதை முழுவதும் நடந்த செய்தியென்று கொள்ளலாகாது. அது சகாப்தம் 1055 என்று ஆண்டும் குறிக்கின்றது. ஆண்டு குறித்தல் கதைக்கு அணியாகலாம், சான்றாகாது. சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழ்வோரோ, காஞ்சியினின்று வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவரைத் தம் முன்னோராகக் கூறுகின்றனர். இரண்டிற்கும் பொதுவாய் நிற்பது காஞ்சி நினைவு மட்டுமே. எழுதியவர் துரையாயினும், தமக்குச் சொல்லப்பட்டதைத்தானே எழுதினார்?

இல்லாமை ஒருபோதும் சான்றாகாதோ எனின், அங்ஙனமும் அன்று. ஒரு வகையாரை ஒருவர் விடாது பதிவதே ஒரு பட்டியலின் நோக்கமாயிருந்து, அவ்வகையார் பிறரெல்லாம் அதில் இருக்கக் காண்போமாயின், அங்கே ஒருவர் பெயர் இல்லாமை பொருளுடையதாகும். ஒருவர் தம் பாட்டனார் சேலத்தில் டிப்டி கலெக்டராயிருந்தார் என்று கூற, அடுத்தடுத்த வருஷங்களின் உத்தியோகஸ்தர் வரிசைகளில் அப்பெயர் எங்கும் காணாதாயின், ஐயுறத்தான் வேண்டும். புளி வியாபாரிக்கு அவ்விதி பொருந்தாது.

சர்க்கார் எடுக்கும் கணக்கிலும் இக்குறை நேர்ந்ததுண்டு. சுதந்தர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தபொழுது, வாக்காளர் ஜாபிதாவில் வட நாட்டுப் பெண்கள் பலர் தம் பெயர் சொல்ல இசையாது, 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே பதிவாயினர். அங்ஙனம் பதிவாகியிருந்த ஏறத்தாழ 28 இலட்சம் பேர் ஜாபிதாவினின்று விலக்கப்பட்டனர். பெண் வாக்காளர் தொகையோ 8 கோடியளவு. அந்த ஜாபிதாவைப் பார்த்து, அவ்வூர்களில் அத்துணைப் பெண்கள் வாழ்ந்திலர் என்று ஒருவர் எழுதுவாராயின் அவரை என்னென்பது!

இனிக் காலத்தைப் பற்றி. ஒரு டைரக்டரியின் அட்டையில் 1893 என்றிருந்தால், அது 1893இன் நிலையைக் கூறுவதாகப் பலர் எண்ணுகின்றனர். வருஷத் தொடக்கத்தில் விற்பனைக்கு வரவேண்டிய புத்தகத்திற்கு விவரம் திரட்டியதும் அச்சுக் கோத்ததும் முந்திய வருஷத்திலன்றோ? அதற்குமேல், தொகுப்போர் ஒவ்வோர் ஆண்டும் எல்லாவற்றையும் புதிதாக விசாரிப்பதில்லை. மாறுதல் இன்னதென்று தெரிவித்தவரிடத்து மாற்றுவர். தெரிவியாதவரிடத்துப் பழைய அச்சை அப்படியே விட்டுவிடுவர். இறந்தார் சில வருஷம் ஏட்டில் வாழ்வதும், வீடு மாறினார் பழைய தெருவிலேயே இருப்பதும் இதனாலாம். ஆகவே ஒரே ஒரு வருஷத்துப் புத்தகத்தைக் கொண்டு ஒன்றையும் முடிவு கட்டலாகாது. குறைந்தது மூன்று நான்கு வருஷங்களைத் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். பெயர் முதலில் தோன்றும் வருஷத்தை, 'இதற்குள் வந்துவிட்டார்' என்றும், மறையும் வருஷத்தை, 'இதற்குமுன் எப்பொழுதோ போய்விட்டார்' என்றும் கொள்ளுதலே தகும்.

புத்தகம் எத்துணைப் பின்தங்கியது என்பதை உரைத்துப் பார்க்கவும் வழியுண்டு. தேதி ஐயமின்றித் தெரிந்த பொதுநிகழ்ச்சி ஒன்றை உரைகல்லாகக் கொள்க. சென்னை ஹைகோர்ட்டு இப்பொழுதுள்ள செங்கட்டிடத்திற்கு வந்தது 1892 ஜூலை மாதத்தில். எழும்பூர் ரயில் நிலையம் திறக்கப்பெற்றது 1908 ஜூன் மாதத்தில். இவற்றை அடுத்து வந்த பதிப்பு அம்மாறுதலை ஏற்றுக்கொண்டதா, பழையதையே கூறுகின்றதா என்று பார்த்தால் அத்தொகுப்பாளரின் சுறுசுறுப்பு விளங்கிவிடும். நமக்கோ இதனினும் அணுக்கமான உரைகல் ஒன்று உண்டு. புதூர்நாட்டார்க்குக் கச்சேரி ஊராகிய திருப்பத்தூர், தன் தாலூக்காவோடு முன்னர்ச் சேலம் ஜில்லாவைச் சார்ந்திருந்தது. 1911இல் சித்தூர் ஜில்லா புதிதாகப் பிரிக்கப்பட்டபொழுது, அது வட ஆர்க்காட்டில் சேர்க்கப்பட்டது. 1911, 1912, 1913ஆம் வருஷத்துப் புத்தகங்களை எடுத்து, திருப்பத்தூரை எந்த ஜில்லாவின் கீழ் அச்சிட்டிருக்கின்றனர் என்று பாருங்கள். அந்தப் பெரிய மாறுதலையே ஒரு புத்தகம் கவனியாது விட்டிருக்குமாயின், கடைத்தெருவில் ஒரு கடை கைமாறியதை அது கவனித்திருக்கும் என்று நம்புவது எங்ஙனம்?

இந்த ஜில்லா மாறுதல் வேறொரு வகையிலும் நம் இளைஞரைத் தடுமாறச் செய்கின்றது. வட ஆர்க்காட்டு மான்யுவலில் மட்டும் தேடி, "நம் நாட்டைப் பற்றி ஒன்றுமில்லை" என்று திரும்புவோர் உளர். அக்காலத்துத் திருப்பத்தூர்ச் செய்திகளை லெபானு துரை 1883இல் வெளியிட்ட சேலம் மான்யுவலிலன்றோ தேடவேண்டும்! 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தமையும், 2019இல் திருப்பத்தூரே தனி ஜில்லாவானமையும் இன்றைய பிள்ளைகள் அறிவர். இங்ஙனம் ஒரே மலையூர், ஒருவர் பாட்டன் காலத்தில் ஒரு ஜில்லாவிலும், தந்தை காலத்தில் மற்றொன்றிலும், தம் காலத்தில் வேறொன்றிலும் இருக்கின்றது. மலை நகரவில்லை, ஏடு நகர்ந்தது.

ஊர்ப்பெயர்களின் குழப்பம் சொல்லி முடியாது. திருப்பத்தூர் என்னும் பெயரால் சிவகங்கைச் சீமையிலும் ஓர் ஊர் உண்டு. பழைய ஆங்கில எழுத்தில் இரண்டும் திரிபத்தூர், திருப்பாத்தூர் என்று பலவாறு எழுதப்பெற்று ஒன்றோடொன்று மயங்கும். புதூர் என்னும் பெயரோ தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. புதிதாகக் குடியேறிய இடமெல்லாம் புதூர்தானே! ஆதலின் 'புதூர்' என்று மட்டும் காணும் இடத்தில் மகிழ்ந்து துள்ளாது, தாலூக்காப் பெயரும் பக்கத்து ஊர்ப்பெயர்களும் பொருந்துகின்றனவா என்று நோக்குக. புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்னும் பெயர்கள் அருகே காணப்படின் அது நம் புதூர்நாடு என்று துணியலாம். மலையின் பெயரும் அவ்வாறே. ஜவாடி, ஜாவாதி, ஜவ்வாடி எனப் பல எழுத்தில் தேடினாலன்றி அகப்படாது. இக்காலத்தில் பழம்புத்தகங்களைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றி, பெயரைக் கொடுத்தவுடன் பக்கத்தைக் காட்டும் வசதி வந்திருப்பது நன்றே. ஆயின், மங்கிய அச்சை அவ்வியந்திரம் தவறாகப் படிப்பதுண்டு. நாம் கொடுத்த எழுத்தில் இல்லையெனின் அது "இல்லை" என்றே சொல்லும். பக்கம் பக்கமாகக் கண்ணாற் பார்த்தலே உறுதி.

ஆட்பெயர்களுக்கு வருவாம். வெள்ளையர்க்குக் குடும்பப் பெயர் உண்டு. அதனை முன்வைத்து அகர வரிசைப்படுத்தினர். நமக்கோ ஊரும், தந்தை பெயரும், தன் பெயரும், பட்டப்பெயரும் உண்டேயன்றிக் குடும்பப் பெயர் இல்லை. அவர்கள் வகுத்த பெட்டியில் நம் பெயர் அடங்கவில்லை. ஓரிடத்தில் தன் பெயரின் முதலெழுத்திலும், வேறோரிடத்தில் பட்டப்பெயரின் எழுத்திலும் வைத்தனர். முதலியார் 'மூடலியார்' ஆயினார். நாயுடு 'நாயிடூ' ஆயினார். ஒருவரையே இருவராக எண்ணுதற்கும், இருவரை ஒருவராக எண்ணுதற்கும் இடமுண்டு. நம் மலையூர்களில் ஒரே பெயருடையார் பலர் இருப்பதும் தெரிந்ததே. பெயரொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு, "இவரே எம் பூட்டனார்" என்று வமிசாவளியில் எழுதிவிடுதல் ஆகாது. தொழில், ஊர், காலம் மூன்றும் ஒருங்கே பொருந்துதல் வேண்டும்.

'மலையாளி' என்னும் சொல்லைப் பற்றியும் எச்சரித்தல் வேண்டும். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் நம் குடிகளுக்கு வழங்கும் இப்பெயர், கேரள தேசத்தாரையும் குறிக்கும். தர்ஸ்டன் துரை 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய பெருநூலில் இவ்விருவரும் வேறென்பதை விளக்கியிருக்கிறார். ஆனால் பட்டியல் தொகுத்த குமாஸ்தா தர்ஸ்டன் நூலைப் படித்தவரா என்பது யாருக்குத் தெரியும்? பட்டணத்து விலாசப் பட்டியலில் 'மலையாளி' என்று கண்டவுடன் நம்மவர் என்று கொள்வது தவறு. நம்மவர் 'கவுண்டர்' என்ற பட்டத்தோடு மட்டும் எழுதப்பட்டிருப்பின் அவரை வேறு குலத்தார் என்று தள்ளிவிடுவதும் தவறு.

இதெல்லாம் பண்டிதர் விவாதம், நமக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்பார்க்கு ஒரு சொல். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பழங்குடிகள் அட்டவணையில், 'மலையாளி' என்னும் பெயர், தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஜில்லாக்களின் பெயரோடு குறிக்கப்பெற்றது. கோயம்புத்தூர் அவற்றுள் இல்லை. ஆதலின் அந்த ஜில்லாவிலிருந்து 1979இல் பிரிந்த ஈரோட்டைச் சார்ந்த பர்கூர் மலையில் வாழும் அதே பெயரினர் அவ்வரிசையில் இடம்பெறாது போயினர். ஒரு குடி எந்த ஜில்லாவின் கீழ் எழுதப்பட்டது, எந்தப் பெயரால் எழுதப்பட்டது என்பவை ஒரு பிள்ளையின் படிப்பையும் உத்தியோகத்தையும் தீர்மானிக்கும் அளவிற்கு வந்துவிட்டன. அத்தகைய விஷயத்தில் கைக்கு அகப்பட்ட பழம்புத்தகத்தைச் சான்றென்று நீட்டுவதும், அதனைக் கண்டு அஞ்சுவதும் ஒருங்கே தீங்காம்.

இதுகாறும் இல்லாமையைப் பற்றியே மிகுதியும் பேசினோம். இருப்பதையும் அப்படியே நம்பலாகாது. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்றொரு பெரு வர்த்தக நிலையம் இருந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட பெயர். மைலாப்பூர் வக்கீல்கள் முதல் விதவைப் பெண்டிர் வரை தம் சேமிப்பை அங்கே வைத்திருந்தனர். 1906 அக்டோபர் மாதத்தில் அது திடீரென முறிந்தது. பல குடும்பங்கள் தெருவில் நின்றன. கம்பெனித் தலைவர் சிறை சென்றார். அவ்வீழ்ச்சியின் பயனாகவே மறு வருஷம் இந்தியன் பாங்கி தோன்றிற்று. அவ்வாண்டு விலாசப் புத்தகத்தில் அக்கம்பெனியின் பெயரைக் கண்ட ஒருவர், "எவ்வளவு ஸ்திரமான நிலையம்!" என்று எண்ணியிருப்பாரன்றோ? புத்தகம் கூறியது பெயரும் விலாசமும் மட்டுமே. கணக்கின் உள் நிலையை அது கூறவில்லை. கூறுவதாக அது வாக்களிக்கவும் இல்லை. ஒருவன் 'வர்த்தகன்' என்று எழுதப்பட்டிருந்தால், அங்ஙனம் எழுதப்படுவதை அவன் விரும்பினான் என்பதே நிச்சயம்.

தெருக்களும் கதவிலக்கங்களும் இன்னும் ஏமாற்றும். சென்னையில் ஒரே வீட்டிற்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பதை எவரும் காணலாம். மவுண்ட் ரோடு அண்ணா சாலையாயிற்று. பிராட்வே பிரகாசம் சாலையாயிற்று. 1970களின் இறுதியில் தெருப்பெயர்களின் ஈற்றிலிருந்த சாதிப் பட்டங்கள் நீக்கப்பட்டன. அதனால் பழைய புத்தகத்திலுள்ள தெருவை இன்றைய பலகையிற் காணமுடியாது திகைப்போர் பலர். தெருவைக் கண்டு எண்ணையும் கண்டு, "இதுவே எம் தாத்தா வீடு" என்று வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளுமுன், அந்த எண் அந்தக் காலத்து எண்தானா என்று நகரசபைப் பதிவில் பார்த்துக்கொள்வது நலம்.

சங்கங்கள் வெளியிடும் உறுப்பினர் விவரத் திரட்டுகளையும் விட்டுவைப்பது நியாயமன்று. பிறர் தொகுத்த புத்தகத்தை இத்துணை ஆராய்ந்த யாம், நம்மவர் தொகுத்ததை மட்டும் வேதவாக்காகக் கொள்ளலாமா? சந்தா செலுத்தியவர் பெயரே அவற்றில் மிகுதி. பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்போர் பெயர் கொழுத்த எழுத்தில் விளங்க, மலையில் சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்வோர் பெயர் காணப்படுவதில்லை. பெண்மக்களின் பெயரோ பெரும்பாலும் 'திருமதி' என்னும் சொல்லுக்குப் பின் கணவர் பெயராக மறைந்துபோகின்றது. நூறு வருஷங் கழித்து நம் பேரன்மார் அத்திரட்டைப் புரட்டி, அக்காலத்தில் நம் குலத்தார் யாவரும் குமாஸ்தாக்களும் காண்டிராக்டர்களுமாகவே இருந்தனர், உழுதவர் ஒருவருமில்லை என்று எழுதுவாராயின், பழி யாரைச் சாரும்?

அங்ஙனமாயின் இப்புத்தகங்களைத் தூர எறிந்துவிடலாமோ எனின், கூடாது. சென்னையில் எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திலும், 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூல் நிலையத்திலும் பழைய அச்சு நூல்களையும் சர்க்கார்ப் பதிவுகளையும் பார்த்து ஆராய்வோர்க்கு, இவை எங்கே தேடவேண்டும் என்று காட்டும் கைகாட்டி மரம் போல்வன. அந்த வருஷத்துத் தாசில்தார் யார், காட்டிலாகா ரேஞ்சர் எங்கே தங்கினார், எந்த ஊரில் தபாலாபீசு இருந்தது, ரயில் எந்த நிலையத்தில் நின்றது என்பவற்றை இவற்றில் எளிதில் அறியலாம். அவ்வறிவோடு கிரயப் பத்திரப் பதிவுக்கும், பள்ளிக்கூடச் சேர்க்கை ஏட்டிற்கும், பட்டாக் கணக்கிற்கும் செல்லவேண்டும். இவற்றுள் இரண்டு மூன்று, ஒன்றையொன்று அறியாது தனித்தனியே எழுதப்பட்டும், ஒரே செய்தியைக் கூறுமாயின் அது உறுதி. ஒரு டைரக்டரியைப் பார்த்து மற்றொரு டைரக்டரி எழுதியிருப்பின், அவை இரண்டு சாட்சிகள் ஆகா. ஒரே சாட்சியின் எதிரொலியாம்.

இனித் திண்ணைக்குத் திரும்புவாம். மறுநாட் காலை யாம் அவ்விளைஞரையும் உடனழைத்துக்கொண்டு மூதாட்டியாரிடம் சென்று, கடை யார் பெயரில் இருந்தது, பலகையில் யார் பெயர் எழுதியிருந்தது என்று மெல்லக் கேட்டோம். அவர் முதலில் பேச மனங்கொள்ளவில்லை. பேரனார், "நேற்றுப் பேசியது பிழைதான், ஆயா" என்ற பின்னரே வாய் திறந்தார். கடை என்றது ஒரு மண்டிக்காரருடைய மண்டியின் முன்திண்ணையாம். மலைச்சரக்கை இறக்கி அங்கே குவித்து, சில்லறையாகத் தாமே விற்றுக்கொண்டு, மொத்தச் சரக்கை மண்டிக்கே அளந்து வந்தனராம். பலகை மண்டிக்காரர் பெயரில். வாடகை பணமாகவன்று, வருஷத்திற்கு இத்தனை தூக்குப் புளி என்று பேச்சு. வரவு செலவு மண்டிப் பேரேட்டில் 'மலைக்காரர் பற்று' என்று எழுதப்பட்டிருந்ததாகத் தம் மாமியார் சொல்லக் கேட்டதுண்டு என்றார். அவ்விளைஞர் அச்சொல்லைத் தம் குறிப்பேட்டில் எழுதி, கீழே கோடிட்டதை யாம் கண்டோம். டைரக்டரியில் அந்த மண்டிக்காரர் பெயர் உண்டா என்று பார்ப்பதாகக் கூறிப் பட்டணம் சென்றார். பேரேடு இன்னும் எவ்வீட்டுப் பரணிலாயினும் கிடக்கின்றதா என்று திருப்பத்தூரில் விசாரித்து வருகின்றோம்.

நம் சங்கத்து அன்பர்களிடம் பழைய பற்றுச்சீட்டு, பட்டா, கிரயப் பத்திரம், காட்டிலாகாக் கூலிச் சீட்டு, பள்ளிச் சான்று, நாட்டாண்மை செய்தோர் பெயர்க் குறிப்பு முதலிய எவையேனும் இருப்பின், மூலத்தைத் தம்மிடமே பத்திரமாக வைத்துக்கொண்டு, பிரதி மட்டும் நமக்கு அனுப்புவாராக. முதியோர் வாய்மொழியாகக் கூறுவனவற்றை எழுதியனுப்புவோர், சொன்னவர் யார், அவர்க்குச் சொன்னவர் யார், கேட்டெழுதிய நாள் எது என்னும் மூன்றையும் தவறாது குறித்தல் வேண்டும். பெண்மக்கள் பெயரைக் கணவர் பெயரால் மறைக்காது அவர்தம் பெயராலேயே எழுதுக.